யாரோடு இணைந்திருக்கிறோம், எதைத் தெரிந்துகொள்கிறோம்: சமூக ஊடகத் தொடர்புகளும் அரசியல் அறிவும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் சமூக ஊடகங்களைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகள் அடிபடுகின்றன. சமூக ஊடகம் மக்களை அவரவர் கருத்துக்குள்ளேயே பூட்டி வைக்கிறது என்பது ஒன்று. வேறு எவ்வழியிலும் காதுக்கு வந்திராத கருத்துகளை அதுவே கொண்டுவந்து சேர்க்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆய்வுகள் சான்றாகக் காட்டப்படுவதால், எதை நம்புவது என்று வாசகர் திகைப்பது இயல்பு. ஒருவருக்குப் பலதரப்பட்ட தொடர்புகள் இருப்பது, அந்தத் தொடர்புகள் வழியே அரசியல் பேசப்படுவது, அந்தப் பேச்சிலிருந்து அவர் எதையாவது அறிந்துகொள்வது ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே முரண்பாட்டின் பெரும்பகுதி பிறக்கிறது. மதமும் மொழியும் கட்சியும் நெருக்கமாகக் கலந்துள்ள கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசியல் அறிவு என்றால் எது?

ஆய்வாளர்கள் அரசியல் அறிவு என்று குறிப்பிடுவது ஒரே பொருளை அல்ல. குறைந்தது மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. நடப்பு அறிவு. யார் எந்தப் பதவியில் இருக்கிறார், எந்தச் சட்டம் நிறைவேறியது, எந்தத் திட்டம் எந்த ஊருக்கு வருகிறது என்பன போன்ற விவரங்கள். சரி, தவறு என்று சோதித்துவிடக் கூடியவை இவை.

2. மறுதரப்பின் நியாயத்தை அறிதல். தனக்கு ஒப்புதல் இல்லாத ஒரு நிலைப்பாட்டை மற்றவர் ஏன் எடுக்கிறார் என்பதை, அவர் ஏற்றுக்கொள்ளும் வகையில் எடுத்துச் சொல்ல முடிவது. ஒப்புக்கொள்வது வேறு, இது வேறு.

3. அறிந்திருக்கிறோம் என்ற எண்ணம். இது அறிவே அல்ல. ஆனால் ஆய்வுகளிலும் அன்றாடப் பேச்சிலும் முதல் இரண்டோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டுவிடுகிறது.

பலதரப்பட்ட தொடர்புகள் இம்மூன்றையும் ஒரே அளவில் வளர்ப்பதில்லை. ஓர் ஆய்வு முதல் வகையை அளந்திருக்கும், மற்றொன்று இரண்டாம் வகையை அளந்திருக்கும், செய்தித் தலைப்போ இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

இணையத்திற்கு முந்தைய இரண்டு கண்டுபிடிப்புகள்

1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடனிருந்தவர்களும் வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து நேர்கண்டனர். வானொலியும் செய்தித்தாளும் நேரடியாக வாக்கை மாற்றும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. செய்தியைக் கவனித்துப் படிக்கும் சிலர் அதை உற்றார் உறவினருக்கு எடுத்துச் சொல்ல, அந்த வழியாகவே பலருக்கு அரசியல் எட்டியது. வெவ்வேறு பக்கம் இழுக்கும் உறவுகளுக்கு நடுவில் நின்றவர்கள் முடிவெடுக்கத் தாமதித்ததும், தேர்தலில் ஆர்வம் குன்றியதும் அதே ஆய்வில் தெரியவந்தன.

அடுத்தது, சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவரும் அரிதாகச் சந்திப்பவருமே மற்றவர்களுக்கு வழிகாட்டியிருந்தனர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய தகவல் தூரத்து அறிமுகம் வழியே வரும் என்பது அவர் தந்த விளக்கம். அரசியல் செய்திக்கும் இது பெரிதும் பொருந்துகிறது. சமூக ஊடகம் செய்த மாற்றம், பழைய வகுப்புத் தோழர், முன்பு கூட வேலை பார்த்தவர், மாமியார் வீட்டுப் பக்கத்துக்காரர் என மறந்தேபோயிருக்க வேண்டிய தூரத்து அறிமுகங்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதுதான்.

வடிகட்டுவது இயந்திரமா, ஆளா?

ஒருவருக்குப் பிடித்ததையே மேலும் மேலும் காட்டும் கணிப்பொறி நிரல் அவரைச் சுற்றி ஒரு குமிழியை எழுப்புகிறது என்ற கருத்தை அமெரிக்க எழுத்தாளர் ஈலை பாரைசர் 2011இல் பரவலாக்கினார். முகநூலும் யூடியூபும் இன்ஸ்டாகிராமும் பதிவுகளை வரிசைப்படுத்தித் தருகின்றன என்பதால் அவற்றைப் பற்றி இப்படிக் கேட்பதில் பொருள் உண்டு. வாட்ஸ்அப்பின் குழு உரையாடலில் அப்படி எந்த வரிசைப்படுத்தலும் இல்லை. அனுப்பப்பட்ட வரிசையிலேயே செய்தி வந்து விழுகிறது.

இந்த வேறுபாடு நமக்கு முதன்மையானது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி, யூடியூப் பயனர்கள் 44.8 கோடி, முகநூல் பயனர்கள் 41 கோடி. அன்று ட்விட்டர் என்று அழைக்கப்பட்ட எக்ஸ் தளத்திலோ 1.75 கோடி பேர் மட்டுமே இருந்தனர். உலகில் நடந்துள்ள ஆய்வுகளில் கணிசமானவை ட்விட்டரையும் முகநூலையும் சார்ந்தவை. அவற்றின் பதிவுகளில் பலவும் பொதுப்பார்வைக்குத் திறந்திருந்ததால் ஆய்வாளருக்கு அவை வசதியாக இருந்தன, அவ்வளவுதான். அந்த முடிவுகளை அப்படியே தூக்கிக் குளச்சலிலும் கருங்கலிலும் வைத்துப் பேசுவது பிழையாக முடியும்.

வாட்ஸ்அப்பில் வடிகட்டும் வேலையை மனிதர்களே செய்கிறார்கள். குழுவைத் தொடங்குபவர் யாரைச் சேர்க்கிறார், நிர்வாகி யாரை நீக்குகிறார், எதை இங்கே போடாதீர்கள் என்கிறார், ஓர் உறுப்பினர் எதை எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குக் கடத்துகிறார் என்பவையே அங்கு நிரலின் இடத்தில் இருக்கின்றன. நிறுவனம் செய்தது பரவும் வேகத்தை மட்டுப்படுத்தியதுதான். 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப முடியாதவாறு கட்டுப்பாடு வந்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு முறைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் சேர்ந்தது. செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற பாதையை இவை மாற்றவில்லை. அந்தப் பாதை ஊரின் அமைப்பைப் பின்பற்றியே செல்கிறது.

குமரியின் தொடர்புகள் எப்படி அமைந்திருக்கின்றன

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. எழுத்தறிவு 91.75 விழுக்காடு, அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே உயர்ந்த அளவு. மக்களவைத் தொகுதியின் (2009க்கு முன் அதன் பெயர் நாகர்கோவில்) வரலாறும் இதே கலவையைக் காட்டும். 1999இல் பாரதிய ஜனதா, 2004இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், 2009இல் திமுக, 2014இல் மீண்டும் பாரதிய ஜனதா, 2019இல் காங்கிரஸ் என ஐந்து பொதுத்தேர்தல்களில் நான்கு கட்சிகள் இங்கு வென்றுள்ளன.

ஆனால் மாவட்ட அளவில் தெரியும் கலவை ஊர் அளவில் அப்படியே இருப்பதில்லை. கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஒரே பங்கு (கத்தோலிக்கத் திருச்சபையின் ஊர்ப் பிரிவு), ஒரே தேவாலயம், ஒரே தொழில் என்று அமைந்தவை. அங்கு பங்குப் பேரவை, அன்பியம் (பங்குக்குள் உள்ள சிறு குடும்பக் குழு), விசைப்படகு உரிமையாளர்கள் என எந்தப் பெயரில் குழு தொடங்கினாலும் உறுப்பினர்கள் ஏறத்தாழ அதே ஆட்களாகவே இருப்பார்கள். குழுக்கள் கூடுமே தவிரத் தகவலின் வகை கூடாது. உள்நாட்டில், கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், நிலைமை வேறு. ஒரே தெருவில் கோயிலும், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் சேகர ஆலயமும், அய்யாவழியினரின் வழிபாட்டிடமான நிழல் தாங்கலும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே குடும்ப வழியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உறவாக இருப்பதும் அங்கு புதுமையல்ல. அத்தகைய ஊரில் கல்யாண வீட்டுக் குழுவே ஒரு கலப்புக் குழுவாகிவிடும்.

இவற்றோடு எல்லை கடந்த தொடர்புகளையும் சேர்க்க வேண்டும். இம்மாவட்டத்தின் அன்றைய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. மாநில எல்லை மாறியபோது உறவுகளின் எல்லை கூடவே மாறவில்லை. தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்கிறார்கள். விளவங்கோடு பக்கம் மலையாளத் தொலைக்காட்சியும் நாளிதழும் வீடுகளுக்குள் இயல்பாகப் புழங்குகின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் குழுக்களோ எல்லா ஊர்க்காரரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன.

எல்லை கடந்த தொடர்பு அரசியல் அறிவுக்கு என்ன தருகிறது என்பதற்குத் தேர்தல் கூட்டணியே நல்ல எடுத்துக்காட்டு. 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் தமிழ்நாட்டில் காங்கிரசும் இடதுசாரிக் கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே கட்சிகள் நேரெதிர் அணிகள். திருவனந்தபுரம் தொகுதியில் காங்கிரசை எதிர்த்து நின்றவர்களில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரும் ஒருவர். 2021 ஏப்ரல் 6 அன்று இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது, கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும் அன்றே நடந்தது. கேரளப் பக்கத்துப் பாறசாலையில் உறவுள்ள ஒருவரின் கைப்பேசிக்கு அந்த வாரங்களில் இரண்டு பக்கத்துப் பிரச்சாரமும் வந்து சேர்ந்திருக்கும். கூட்டணி என்பது கொள்கையைவிட மாநிலக் கணக்கைச் சார்ந்தது என்பதை அவர் எந்தப் பாடநூலையும் திறக்காமலே அறிந்துகொள்வார். நாகர்கோவிலுக்குக் கிழக்கே மட்டும் தொடர்புகள் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

செய்தி பிரிந்து செல்லும் விதம்: துறைமுகமும் மணலும் புயலும்

பலதரப்பட்ட தொடர்புகளின் பயன் கட்சி அரசியலைவிட வளர்ச்சித் திட்டங்கள் பற்றிய விவாதங்களில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. குமரியின் கடற்கரை ஊரான இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2016 ஜூலையில் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. கடும் எதிர்ப்பு எழுந்த பின்னர், திட்டம் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மாற்றப்பட்டது. அங்கும் எதிர்ப்பு தொடர்ந்தது. 2019 தேர்தலின் முதன்மைப் பேசுபொருள்களில் ஒன்றாகவும் அது ஆனது.

மாற்று முனையம் என்பது சரக்கு ஊருக்குள் வந்து இறங்கும் சாதாரணத் துறைமுகம் அல்ல. மிகப் பெரிய கப்பல்களுக்கு ஆழமான கடல் வேண்டும். அவை கொண்டுவரும் பெட்டகங்களை ஓரிடத்தில் இறக்கி, சிறிய கப்பல்களில் ஏற்றி மற்றத் துறைமுகங்களுக்கு அனுப்புவார்கள். இந்தியாவுக்கான பெட்டகங்களில் கணிசமானவை கொழும்பு போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் இவ்வாறு மாற்றப்பட்டு வந்தன. அந்த வருவாயை இங்கே கொண்டுவருவதே திட்டத்தின் நோக்கம். இதற்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் அருகிலுள்ள கரையில் மண்ணரிப்பு எப்படி மாறும்? வள்ளங்களைக் கரையேற்றும் இடங்கள் எவை போகும்? பெட்டகத்தைத் தூக்கி மாற்றும் வேலையில் எத்தனை பேருக்கு, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும்? அருகிலேயே, 2015இல் பணி தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகம் அதே சரக்குக்குப் போட்டியிடும்போது இரண்டும் தாக்குப்பிடிக்குமா?

கடற்கரைப் பங்குக் குழுவில் மட்டும் இருப்பவருக்கு முதல் இரண்டு கேள்விகளும் நன்றாகத் தெரிந்திருக்கும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வணிகர்கள் குழுவில் மட்டும் இருப்பவருக்கு மூன்றாவது கேள்வி, அதுவும் வேலை வரும் என்ற விடையாகவே வந்து சேர்ந்திருக்கும். நான்காவது கேள்வியை எழுப்பத் திருவனந்தபுரத்துத் தொடர்போ கப்பல் தொழிலில் உள்ள அறிமுகமோ தேவை. யாரும் பொய் சொல்லத் தேவையில்லாமலே ஒவ்வொருவரும் பாதிப் படத்தோடு நின்றுவிட முடியும். தவறான தகவலைப் பற்றியே ஓயாமல் பேசும் இன்றைய விவாதங்களில், சரியான தகவலின் ஒரு துண்டு மட்டும் ஒரு கூட்டத்தாரிடம் சுற்றிவருவதால் வரும் அறியாமை போதிய கவனம் பெறவில்லை என்பதே என் கருத்து.

கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டமும் இத்தகையதே. மோனசைட் மணலில் தோரியம் உண்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கைக் கதிரியக்கம் கூடுதல் என்பவை அறிவியல் உண்மைகள். அவற்றைக் கொண்டு, மணலை எடுத்துவிட்டால் கதிரியக்கம் குறையும் என்று ஒரு குழுவில் வாதிடலாம். எடுக்கும்போதும் பிரிக்கும்போதும் ஆபத்து கூடும் என்று மற்றொரு குழுவில் வாதிடலாம். மணவாளக்குறிச்சியின் பழைய மணல் ஆலையில் வேலை பார்த்த உறவினரும், புற்றுநோயாளியைப் பராமரித்த உறவினரும் ஒரே குழுவில் இருந்தால்தான் இரண்டு வாதமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும்.

ஒக்கி புயல் வேறொரு கோணத்தைக் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று புயல் உருவானபோது, தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கைப்பேசிச் சமிக்ஞை அங்கே எட்டாது. கரையில் இருந்தவர்களுக்கோ, காணாமல் போனவர்களின் எண்ணிக்கை பற்றி அரசு சொன்னதும் பங்குகள் தொகுத்த பட்டியல்களும் ஒத்துப்போகவில்லை. தப்பிய படகுகள் லட்சத்தீவு, மகாராட்டிரம், குஜராத் கரைகளில் ஒதுங்கின. அங்கிருந்து கொச்சிக்கும், கொச்சியிலிருந்து தூத்தூருக்கும் தொழில்வழித் தொடர்புகள் இருந்தவர்களுக்கு, அரசு அறிவிப்பைச் சரிபார்க்க வேறொரு வழி இருந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் நடந்த மறியலுக்குப் பின்னால் துயரம் மட்டுமல்ல, அரசின் கணக்கு பிழையானது என்ற உறுதியும் இருந்தது. அரசின் சொல்லைத் தம் தொடர்புகள் வழியே சோதித்துப் பார்க்க முடிந்ததும் ஒருவகை அரசியல் அறிவே.

சோதனை ஆய்வுகள் சொல்வது

பலதரப்பட்ட தொடர்புள்ளவர் நிறைய அறிந்திருக்கிறார் என்று கண்டால், தொடர்பினால் அறிவு வந்ததா, அறிவு ஆர்வத்தால் தொடர்பு வந்ததா என்ற ஐயம் எழும். அதைத் தீர்க்க, மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பிரிவினரின் ஊடகப் பயன்பாட்டை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனைகள் நடத்தப்பட்டுள்ளன. முக்கியமானவை இவை.

1. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் தம் முகநூல் கணக்கை முடக்கிவைத்தவர்களிடம் நடப்பு அறிவு குறைந்தது. கூடவே கொள்கைக் கருத்துகளில் துருவநிலையும், அதாவது இரு தரப்பும் எதிரெதிர் முனைகளுக்கு விலகி நிற்பதும், குறைந்தது. அறிவும் பிளவும் ஒரே குழாயில் வரக்கூடும் என்பதே இதன் பொருள்.

2. போஸ்னியா-ஹெர்சகோவினாவில் 2019 ஜூலையில், போர்க்கால இனப்படுகொலையின் நினைவு வாரத்தில், இதே முறையில் ஒரு சோதனை நடந்தது. அங்கு விடை தலைகீழாக அமைந்தது. முகநூலை முடக்கியவர்களுக்கே மற்ற இனத்தவர் மீது மதிப்புக் குறைந்தது. ஒரே இனத்தவர் வாழும் ஊர்க்காரர்களிடம் இது கூடுதலாகத் தென்பட்டது.

3. 2018இல் கிறிஸ் பெயில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டர் பயனர்கள் ஒரு மாதம் எதிர்த்தரப்புத் தலைவர்களின் பதிவுகளைத் தரும் தானியங்கிக் கணக்கைப் பின்தொடர்ந்தனர். குடியரசுக் கட்சியினர் முன்பைவிடத் தம் நிலையில் இறுகினர். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

4. 2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி, முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தோடு இணைந்து நடத்திய சோதனைகள் 2023இல் வெளியாயின. ஒத்த கருத்துள்ள தரப்புகளின் பதிவுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் மக்களின் மனப்பான்மை மாறவில்லை. பிறர் பகிர்ந்த பதிவுகளை நீக்கிய சோதனையில் நடப்பு அறிவு குறைந்தது, துருவநிலை மாறவில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெயிலின் சோதனையில் எதிர்க்கருத்தைச் சொன்னது முகம் தெரியாத கணக்கு, அதுவும் கட்சிக்காரர்களின் குரலில். அறிமுகமான ஒருவர் தன் அனுபவத்தோடு எதிர்க்கருத்தைச் சொல்வது வேறு நிகழ்வு. போஸ்னிய முடிவோ, நேரில் கலப்பில்லாத ஊரில் வாழ்பவருக்கு இணையவழிக் கலப்பு கூடுதலாகப் பயன்படலாம் என்பதைக் காட்டுகிறது. போர் கண்ட நாட்டின் முடிவைக் குமரிக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இன்னும் தங்கியிருக்கும் மாவட்டத்தில் அதைப் புறந்தள்ளவும் முடியாது. உள்நாட்டுக் கலப்பு ஊரில் இருப்பவர் மறுதரப்பைத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் சந்தித்துவிடுகிறார். ஒரே பங்கு ஊரில் வாழும் இளைஞருக்கு அவர் படித்த கல்லூரியின் வகுப்புக் குழுவே மறுதரப்போடு உள்ள ஒரே பாலமாக இருக்கக்கூடும்.

முகநூல் நிரல் குறித்து 2015இல் வெளியான ஆய்வையும் இங்கே சேர்க்கலாம். அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பயனர்களை ஆராய்ந்த அது, எதிர்க்கருத்துச் செய்திகள் குறைவதில் நிரலின் பங்கு சிறியது, நண்பர்கள் யார் என்பதன் பங்கு பெரியது என்றது. ஆய்வாளர்கள் அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள், ஆராயப்பட்டவர்களும் தம் அரசியல் சார்பை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தவர்கள் மட்டுமே என்பதால் அந்த முடிவைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கலப்புக் குழுவில் அரசியல் பேசக் கூடாது என்ற விதி

பள்ளி வகுப்புத் தோழர்கள், பெற்றோர்கள், குடியிருப்போர் என மதமும் கட்சியும் கலந்துள்ள குழுக்களில், மதமும் அரசியலும் வேண்டாம் என்ற அறிவிப்பு முகப்பிலேயே இருப்பது வழக்கம். காரணம் எளிது. சண்டை வந்தால் குழு உடையும், உடைந்தால் மற்ற எல்லாப் பயனும் போகும். ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். பலதரப்பட்டவர்கள் கூடியுள்ள இடத்தில் அரசியல் பேசப்படுவதில்லை, அரசியல் பேசப்படும் இடத்தில் பலதரப்பட்டவர்கள் இல்லை. ஒருவரின் தொடர்புப் பட்டியலை எண்ணிப் பார்த்தால் பன்முகம் நிறைந்திருக்கும், அவர் காதில் விழும் அரசியலோ ஒரே குரலாக இருக்கும்.

இந்த மௌனத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அரசியல் அறிஞர் டயானா மட்ஸ் 2002இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இதன் இருபக்கத்தையும் காட்டின. மாற்றுக் கருத்துள்ளவர்களோடு பேசுபவர்களுக்கு மறுதரப்பின் நியாயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது, சகிப்பும் கூடியிருந்தது. அதேவேளையில் அவர்கள் வாக்களிப்பதிலும் கட்சிப் பணியிலும் ஈடுபடும் வாய்ப்புக் குறைந்திருந்தது. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்ற எண்ணம் செயலைத் தளர்த்திவிடுகிறது. ஈரி கவுண்டியில் 1940இல் கண்டதும் இதுவே.

அறிவிப்புப் பலகையையும் மீறி அரசியல் உள்ளே நுழையும் வழிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்துக்குக் கல் ஏற்றிச் செல்லும் கனரக லாரிகளால் சாலை பாழாவது, நான்குவழிச் சாலைப் பணி இழுபறியாவது, ரப்பர் விலை சரிவது ஆகியவற்றைப் பற்றிய பதிவுகளை அரசியல் என்று எந்த நிர்வாகியும் நீக்குவதில்லை. குழியில் தேங்கிய தண்ணீரின் படத்தைப் போட்டவர் எந்தக் கட்சி என்று பார்ப்பதற்கு முன்பே, இன்னொருவர் அது மாநிலச் சாலையா தேசிய நெடுஞ்சாலையா என்று கேட்பார், மூன்றாமவர் எந்தத் துறையிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற, பெரும்பாலானோருக்குத் தெளிவில்லாத நடப்பு அறிவு இப்படித்தான் பரவுகிறது. கலப்புக் குழுக்கள் அரசியலைக் கற்பிப்பது கட்சியின் பெயர் வராத இத்தகைய பேச்சுகளில்தான்.

செய்தி தானே தேடி வரும் என்ற எண்ணம்

தேடாமலே அறிந்துகொள்வதில் ஒரு பொறி உண்டு. ஹோமெரோ ஹில் டி சூன்யிகாவும் உடனிருந்தவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, முக்கியமானது எதுவாயினும் தன்னைத் தேடி வந்துவிடும் என்று நம்புபவர்கள் நாளடைவில் மற்றவர்களைவிட அரசியலைக் குறைவாகவே அறிந்திருந்தனர். குழுக்கள் கூடக் கூட இந்த நம்பிக்கையும் கூட வாய்ப்புண்டு. தொடக்கத்தில் சொன்ன மூன்றாம் வகை இதுவே. தலைப்பைப் படித்ததும் நாளிதழை விரிக்கும் பழக்கம் உள்ளவருக்குத் தொடர்புகள் வழியே வருவது தொடக்கப்புள்ளி, மற்றவருக்கு அதுவே முடிவுப்புள்ளி.

குழுவிலிருந்து சேனலுக்கு

2023இல் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய சேனல் வசதி இந்தக் கணக்கை மாற்றத் தொடங்கியுள்ளது. குழுவில் பொதுவாக யாரும் பதில் சொல்லலாம். சேனலில் நடத்துபவர் மட்டுமே பேசுவார், பின்தொடர்பவர்கள் உணர்ச்சிக் குறி இடுவது, கருத்துக்கணிப்பில் வாக்களிப்பது போன்றவற்றோடு சரி. ஒருவரை மற்றவருக்குத் தெரியாது. கட்சிகளுக்கும் உள்ளூர்ச் செய்தி நடத்துபவர்களுக்கும் இது வசதியானது, சச்சரவும் இல்லை, உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. ஒரு குழுவில் ஐந்நூறு பேர் இருந்தால், அவர்களில் ஒருவராவது இது எங்கள் ஊரில் அப்படி இல்லையே என்று எழுதும் வாய்ப்பு இருந்தது. கிள்ளியூர் மணல் பற்றியோ கீழமணக்குடித் துறைமுகம் பற்றியோ ஒரு சேனல் வெளியிடும் செய்தியைப் பத்தாயிரம் பேர் படித்தாலும், அந்த ஒரு வரியை எழுத அங்கே இடமில்லை. பின்தொடர்பவர்களில் மீனவரும் வணிகரும் ஆலைத் தொழிலாளியும் கலந்தே இருப்பார்கள். ஆனால் ஒருவர் அறிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராது.